மெஷின் சத்தத்துல ஒரு தூக்கம்

வேண்டாங்க, தண்ணியெல்லாம் வேண்டாம். போன தடவையும் நீங்க டம்ளரை நீட்டினீங்க, நான் வாங்கல. இப்பவும் வேண்டாம். உக்கார மட்டும் உக்காந்துக்கறேன், இந்தப் படியெல்லாம் ஏறி வந்ததுல மூச்சு வாங்குது. எங்க வீட்டுக்காரரு அந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படித்தான் தினம் ஏறி வந்தாரோ. எங்க வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு தடவை வாங்கன்னா, இன்னிக்கு முடியாதும்மான்னு சொல்ற மனுஷன்.

இல்ல இல்ல, சண்டை போட வரல. போன மாசம் வந்து போட்டதே போதும். எதிர்த்தாப்புல அவரு வேலை பாக்கற கண்ணாடிக் கடை வரைக்கும் கேட்டுச்சாமே. ஆனா மன்னிப்புக் கேக்கவும் வரல, அதையும் இப்பவே சொல்லிடறேன். நீங்க பாட்டுக்கு ஏதாச்சும் எதிர்பாத்துக்கிட்டு இருக்கப் போறீங்க. கட்டின புருஷன் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல இன்னொரு பொம்பளை இருக்கிற ரூமுல, கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருந்தா எவதான் கத்தமாட்டா? சரி, சாத்தல. ஒருக்களிச்சுத்தான் இருந்துச்சு, துணித் தூசு வெளிய போறதுக்கு. அதுக்காக?

நீங்க தைங்க. கையை நிறுத்திட்டு என்னையே பாத்தா எனக்குப் பேச்சு வராது.

உங்களை என்னன்னு கூப்பிடறதுன்னே தெரியல. அவரு வீட்டுல தையல்கார அம்மான்னுதான் சொல்வாரு. என்னைவிட ரெண்டு மூணு வயசு கூடவா இருப்பீங்களா, கம்மியா இருப்பீங்களா? நரைச்சிருக்கு, ஆனா மூஞ்சி தெளிவா இருக்கு. நல்லாத் தூங்கறவங்க மூஞ்சி. அக்கான்னு சொல்ல வாய் வரல, தங்கச்சின்னு சொல்ல மனசு வரல. போகட்டும்.

அந்தக் கண்ணாடி அவரு செஞ்சதுதானே? பாத்த உடனே தெரியும். காதுக்குப் பின்னால அந்தக் கம்பியை அவரு வளைக்கிற மாதிரி ஊர்ல எவனுக்கும் வராது. எத்தனை ஆயிரம் பேருக்கு மாட்டிவிட்டிருப்பாரு, அழகான பொண்ணுங்க, சினிமாக்காரி மாதிரி இருக்கறவங்க. ஒருத்தரைப் பத்தியும் நான் நெனைச்சது கெடையாது. உங்க மூஞ்சியில இருக்கிற இந்த ஒரு கண்ணாடியைத்தான் பிடுங்கிப் போட்டு மிதிக்கணும்னு இருந்துச்சு. சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன்.

நீங்க முதல் நாள் நடந்ததைச் சொல்ல வந்தீங்க, நான்தான் சொல்ல விடல. அப்புறம் அவரே சொன்னாரு. ஊசி கோக்கக் கண்ணு தெரியலன்னு கடையில சொல்லி வச்சிருந்தீங்க, கண்ணாடி ரெடியானதும் கடைப் பையன் இல்லன்னு இவரே எடுத்துக்கிட்டு மேல வந்திருக்காரு. படியேறினதுல கால் நடுங்கிப் போச்சு. நீங்க போட்டுப் பாக்கற நேரத்துக்குள்ள அந்த ஜன்னல் ஸ்கிரீன் துணிக் குவியல்ல சாஞ்சவரு, அப்படியே தூங்கிட்டாரு. நீங்க எழுப்பல. ஐயோ பாவம்னும் சொல்லல. அவரா முழிச்சு, கூச்சப்பட்டு எழுந்து நின்னப்ப, அந்த நீலத் துணியை மிதிக்காமப் போங்கன்னு சொன்னீங்களாம். அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு தாங்கல. சாதாரணமா அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லைங்க அவரு. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க.

அவரு காலைப் பத்தி உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருக்காரா? சொன்னதே இல்லையா? நீங்களும் கேக்கலையா? எப்படிங்க கேக்காம இருக்க முடிஞ்சுது உங்களால!

எங்க மாமனாருக்கு இருந்தது அது. ஒவ்வொரு அடிக்கும் வாசப்படி தாண்டற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வச்சு நடப்பாரு, பாதம் தொங்கிப் போயிருக்கும். கல்யாணத்தப்ப நான் அதை வயசானவங்க நடைன்னு நெனைச்சேன். இவருக்கும் அப்பவே செருப்பு கழண்டு விழுந்தா தெரியாது, வெறுங்காலோட கொஞ்ச தூரம் நடந்து போயிடுவாரு, நான்தான் பின்னால எடுத்துக்கிட்டு ஓடுவேன். வெளையாட்டா இருந்துச்சு. அப்புறம் கெண்டைக்கால் கரைய ஆரம்பிச்சுது. தொடை நல்லா இருக்கும், முட்டிக்குக் கீழ குச்சி. அப்புறம் விரல். கண்ணாடிக்குப் போடற அந்தக் குட்டித் திருகாணி இருக்கு பாருங்க, எள்ளு மாதிரி, அது கையை விட்டு விழ ஆரம்பிச்சப்பத்தான் பயந்துபோய் நரம்பு டாக்டர்கிட்ட போனோம். பரம்பரையா வர்றதுன்னாரு அவரு. கரண்ட் வயருக்கு மேலுறை இருக்கிற மாதிரி நரம்புக்கும் இருக்காம், அது சரியா இல்லாமப் போயிடுதாம். உயிருக்கு ஒண்ணும் இல்ல, ஆனா இதுக்கு மாத்திரையும் இல்லன்னாரு.

உயிருக்கு ஒண்ணும் இல்லதான். தூக்கத்துக்குத்தான் வந்துச்சு வினை.

படுத்த உடனே காலுக்குள்ள எறும்பு ஊருதும்பாரு. ஆட்டிக்கிட்டே இருக்கணும், ஆட்டலேன்னா கத்தணும் போல இருக்கும்னு. அது அடங்கினா கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும். அதுவும் அடங்கிக் கண்ணு சொக்கினா கால் தானா உதைக்கும், இடுப்புல எனக்கு எத்தனை உதை விழுந்திருக்கு தெரியுமா? அதையெல்லாம் தாண்டித் தூங்கினா குறட்டை. குறட்டைகூடப் பரவால்ல, நடுவுல மூச்சே நின்னுடும். அந்தச் சத்தம் நின்ன உடனே எழுந்து உக்காந்துடுவேன். தோளைப் புடிச்சு உலுக்குவேன். முழிச்சுக்கிட்டு, மன்னிச்சுக்கோம்மான்னு சொல்வாரு. மூச்சு நின்னதுக்கு மன்னிப்புக் கேக்கிற மனுஷன்! அப்புறம் அதுக்கும் ஒரு பரிசோதனை பண்ணி, மூக்குல மாட்டிக்கிற மூடியும் குழாயும், காத்தடிக்கிற ஒரு குட்டி மெஷினும் குடுத்தாங்க. மாட்டினா மூச்சு நிக்காது. ஆனா குழாய் நழுவிடுச்சான்னு யாராச்சும் பாக்கணும்ல? நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.

களைப்புன்னா நீங்களும் நானும் சொல்ற களைப்பு இல்லைங்க அது. நாம வேலை செஞ்சு களைச்சுப் போறோம், அவரு தூங்கி எழுந்ததும் களைச்சுப் போயிருப்பாரு. பல் தேய்ச்சுட்டு வந்து கட்டில்ல உக்காந்து, சட்டை போடறதுக்கு முன்னாடி ஒரு ஓய்வு எடுப்பாரு. பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. என் தம்பியே கேட்டான், மாமா உக்காந்த எடத்துல பாக்கற வேலை, எதுக்கு இவ்வளவு அலுத்துக்கறாருன்னு. அன்னிலேருந்து அவன்கூட நான் சரியாப் பேசறதில்ல.

அவரு காலுக்கு நான் என்ன செய்யல, சொல்லுங்க? சுடுதண்ணியில ஊற வச்சேன். எண்ணெய் போட்டுப் புடிச்சு விட்டேன், என் கட்டைவிரல் வீங்கற வரைக்கும். கம்பளி உறை பின்னிப் போட்டேன். முட்டிக்கு ஒரு தலைகாணி, பாதத்துக்கு ஒண்ணு. சுவர்க் கடிகாரம் டிக் டிக்குன்னு அடிக்குதுன்னு அதைக் கழட்டி அலமாரியில வச்சேன். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அழுதா, போய்க் கதவைத் தட்டி, கொஞ்சம் அந்தப் பக்க ரூமுல வச்சுக்கங்கன்னு சொல்லியிருக்கேன், அந்தப் பொண்ணு என்னைப் பேய் மாதிரிப் பாத்தா. வீட்டுல ஒரு கரண்டி கீழ விழுந்ததில்ல. அவ்வளவு அமைதியா வச்சிருந்தேன்.

இங்க? தடதடதடதடன்னு மெஷின். கீழ பஸ்ஸு ஹாரன். ரேடியோ வேற வச்சிருக்கீங்க. துணியில ஒரே கஞ்சி வாடை. இதுல தூங்கறாரு!

எப்படிக் கண்டுபுடிச்சேன்னா கேக்கறீங்க? மத்தவங்க புருஷனுங்க பொட்டும் பூவுமா ஒட்டிக்கிட்டு வருவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இவரு சட்டை முதுகுல பஞ்சு. சாயங்காலம் வந்தா முதுகெல்லாம் வண்ண வண்ணமா நூல் பிசிறு, தலைமுடியில ஒரு துணுக்கு. கண்ணாடிக் கடையில ஏதுங்க நூலு? கேட்டா, கூட்டத்துல எங்கயாச்சும் ஒட்டியிருக்கும்னாரு. அவருக்குப் பொய் சொல்லவே வராது, காது செவந்துடும். செவந்துச்சு. அதுவும் இல்லாம சாயங்காலம் ஆளு தெளிவா இருந்தாரு. கையில பாத்திரம் நிக்குது. பொண்ணுகிட்ட போன்ல ஜோக் அடிக்கிறாரு. அடுத்த வருஷம் எங்கயாச்சும் ஊருக்குப் போலாமாங்கறாரு. புருஷன் சந்தோஷமா இருக்காருன்னு ஒருத்தி அழுதா, கேக்கறவங்க காறித் துப்புவாங்க. நான் அழுதேன். யாரோ ஒருத்தி இவரை சந்தோஷமா வச்சிருக்கா, அது நான் இல்லன்னு தெரிஞ்சு போச்சு.

அன்னிக்குத்தான் மத்தியானம் வந்து அவரு கடைக்குப் பக்கத்துல மறைஞ்சு நின்னேன். வந்தாரு. இந்த மாடிப்படிக் கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறினாரு. கொஞ்சம் விட்டு நானும் ஏறி வந்து கதவைத் தள்ளினேன்.

நான் என்ன பாப்பேன்னு நெனைச்சு வந்தேன் தெரியுமா? நீங்க ரெண்டு பேரும் ஒட்டி உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டிருப்பீங்கன்னு. அப்படி இருந்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு எரிஞ்சிருக்காது, சத்தியமாச் சொல்றேன். சிரிப்புப் பேச்செல்லாம் போனாப் போகுதுன்னு விட்டுடலாம்.

நீங்க அந்தப் பக்கம் திரும்பி மெஷின்ல இருந்தீங்க. அவரு இந்தக் குவியல்ல கெடந்தாரு. வாய் பொளந்து, ஒரு கை தலைக்கு மேல, ஒரு கை தரையில விழுந்து, கடைவாயில எச்சில் வழிஞ்சு உங்க துணியில நனைஞ்சிருந்துச்சு. கால் ஆடல. நான் முதல்ல காலைத்தான் பாத்தேன், பழக்கம். ஆடவே இல்ல. சின்னப் புள்ளை மாதிரித் தூங்கறாரு.

வீட்டுல அவரு அப்படித் தூங்கி நான் பாத்து வருஷக்கணக்கா ஆச்சு. வீட்டுல எப்படித் தெரியுமா? நேரா, வாயை மூடிக்கிட்டு, கையை நெஞ்சு மேல வச்சு, போட்டோவுக்குப் படுத்த மாதிரி. நானும் இன்னிக்குக் கொஞ்சம் தூங்கறாருன்னு நிம்மதியாத் திரும்பிப் படுப்பேன். இங்க வாசல்ல நின்னப்பத்தான் எனக்கு உறைச்சுது. வீட்டுல அவரு தூங்கவே இல்ல. நடிச்சிருக்காரு. எனக்கு நடிப்பு, உங்களுக்குத் தூக்கம். அதான் அன்னிக்கு அப்படிக் கத்தினேன். என் வாய்ல வந்த வார்த்தையெல்லாம் வேற எதையோ சொல்லுச்சு, அது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ஆனா வயித்தெரிச்சல் இதுக்குத்தான்.

அப்புறம் இன்னொண்ணு. நான் கத்தினதுல பதறி எழுந்தாரு, கால் துணியில மாட்டி விழுந்தாரு. நான் ஓடி வந்து கக்கத்துல கை குடுத்துத் தூக்கினேன். நீங்க எழுந்திருக்கவே இல்ல. கத்திரிக்கோலைத் தள்ளி வச்சுட்டு, அவரு எழுந்திருக்கட்டும்னு சும்மா உக்காந்திருந்தீங்க. கல்நெஞ்சுக்காரின்னு நெனைச்சேன். ஆனா அவரு என் கையைத்தான் உதறினாரு.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஏன் நடிச்சீங்கன்னு. கட்டில்ல உக்காந்து பாதத்தைத் தடவிக்கிட்டிருந்தாரு. அப்புறம், நான் முழிச்சிருந்தா நீயும் முழிச்சிருக்கே, நான் கண்ணை மூடினாத்தான் நீ திரும்பிப் படுக்கறே, உன் கண்ணுக்குக் கீழ கருப்பு விழுந்ததை என்னால பாக்க முடியலன்னாரு. எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. ஏன்னா, நானும் திரும்பிப் படுத்துத் தூங்கினதில்ல. அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு, காதை இந்தப் பக்கம் வச்சுக்கிட்டு, அவரு மூச்சைக் கேட்டுக்கிட்டே இருப்பேன். ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல ஒருத்தருக்கொருத்தர் நாடகம் போட்டுக்கிட்டு, காலையில எழுந்து, நல்லாத் தூங்கினியா, நல்லாத் தூங்கினேன்.

அதுக்கப்புறம் அவரு இங்க வர்றதை நிறுத்திட்டாரு. நான் நிறுத்தச் சொல்லல. போகாதீங்கன்னும் சொல்லல, போங்கன்னும் சொல்லல. பேசாம இருந்தேன். அது போதாதா?

நான் அப்புறம் ஒரு காரியம் பண்ணினேன், கேட்டா நீங்க சிரிப்பீங்க. ஒரு பழைய தையல் மெஷின் வாங்கினேன். எனக்குப் பட்டன் தைக்கவே வராது. கட்டில் பக்கத்துல போட்டு, நூலும் இல்லாம துணியும் இல்லாம, தடதடன்னு மிதிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க மட்டும்தான் ஓட்டுவீங்களோ! கீழ் வீட்டுக்காரரு வந்து, அம்மா என்ன ஃபேக்டரி வைக்கறீங்களான்னு கேட்டாரு. இவரு கண்ணை மூடிப் படுத்திருந்தாரு, போட்டோ மாதிரி. நடிக்காதீங்கன்னேன். கண்ணைத் திறந்து, சத்தத்துல ஒண்ணும் இல்லம்மா, அந்த அம்மா தைக்குறாங்க, நீ மெஷினை மிதிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டிருக்கியேன்னாரு. கோவமாச் சொல்லல. மெதுவாத்தான் சொன்னாரு. நான் மெஷினை அன்னிக்கே வந்த வெலைக்கு வித்துட்டேன்.

உங்ககிட்ட என்ன இருக்குன்னு ராப்பகலா யோசிச்சேன். அழகான்னா, கோவிச்சுக்காதீங்க, அது ஒண்ணும் பெருசா இல்ல. பேச்சும் இல்ல, நான் வந்ததுலேருந்து நீங்க பேசின பேச்சை எண்ணிடலாம். அக்கறை? அதுவும் இல்ல. அவரு தூங்கினாலும் உங்களுக்கு ஒண்ணுதான், தூங்கலேன்னாலும் ஒண்ணுதான். அந்த அக்கறை இல்லாததுதான் அவருக்கு மெத்தையா இருக்கு. நான் உயிரைக் குடுத்துப் பாத்துக்கிட்டது முள்ளாக் குத்துது. என் பொறாமை என்னன்னு இப்பப் புரியுதா உங்களுக்கு? நீங்க ஏதாச்சும் செஞ்சிருந்தா நானும் அதைக் கத்துக்கிட்டுச் செய்யலாம். ஒண்ணுமே செய்யாதவங்ககிட்ட எதைக் கத்துக்கறது?

ஆமா, லீவுலதான் இருக்காரு. கடைக்காரரு சொன்னாரா? விழுந்துட்டாருன்னு சொன்னாரா? விழலைங்க. திருகாணி கீழ போயிடுச்சுன்னு மேசைக்கு அடியில குனிஞ்சவரு, எழுந்திருக்க முடியாம அங்கயே சுவர்ல சாஞ்சு உக்காந்துட்டாரு. மயக்கம்னு நெனைச்சுத் தண்ணியைத் தெளிச்சிருக்காங்க. கொஞ்ச நேரம் என்னை இப்படியே விடுங்கன்னு கும்பிட்டாராம். எனக்கு போன் வந்து நான் ஓடினப்ப மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. அதுலேருந்து வீட்டுல இருக்காரு. வீட்டுல இருந்தும் தூக்கம் இல்ல. மூடியை மாட்டிக்கிட்டு, மூச்சு விட்டுக்கிட்டு, முழிச்சுக்கிட்டுக் கெடக்காரு. நான் பக்கத்து ரூமுக்குப் போய்ப் படுத்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் நான் காதை வச்சுக்கிட்டிருக்கேன்னு அவருக்குத் தெரியுமே.

பொண்ணா? வெளியூர்ல படிக்குறா. அவளுக்கும் இந்த வியாதி இருக்கா இல்லையான்னு இன்னும் பாக்கல, அவளாக் கேக்கட்டும்னு விட்டிருக்கோம். அம்மா எனக்கு டயர்டா இருக்குன்னு அவ போன்ல சொன்னா இவரு டக்குன்னு எழுந்து வெளிய போயிடுவாரு. அதை விடுங்க, அதைப் பேச ஆரம்பிச்சா நான் இந்தப் படி எறங்க மாட்டேன்.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு எல்லாம் கேட்டுட்டு, பகல்ல உடம்பு தளர்ந்து விழறதுக்கு முன்னாடியே தெனம் கொஞ்ச நேரம் தூங்கியாகணும், எங்கயாச்சும் உங்களுக்கு நல்லாத் தூக்கம் வருதான்னு கேட்டாரு. இவரு என்னைப் பாத்தாரு, தரையைப் பாத்தாரு. காது செவந்துச்சு. நான்தான் சொன்னேன். வரும் டாக்டர், ஸ்கிரீன் தைக்கிற ஒரு அம்மா ரூமுல வரும்னு. டாக்டர் என்னைப் பாக்கறாரு, அவரைப் பாக்கறாரு, என்ன கேக்கறதுன்னு தெரியாம மூக்கைச் சொறியறாரு. அப்புறம் சொன்னாரு, அப்படி ஒரு இடம் இருந்தா விட்டுடாதீங்கம்மான்னு. என்கிட்ட சொல்றாரு, விட்டுடாதீங்கன்னு!

இந்தாங்க, இந்தப் பை. அந்த மூடியும் குழாயும் காத்து மெஷினும் இதுல இருக்கு, பகல்ல தூங்கினாலும் மாட்டணுமாம். பிளக் மட்டும் காட்டினாப் போதும். எப்படி மாட்டறதுன்னு அவருக்குத் தெரியும், நீங்க மாட்டிவிட வேண்டாம். அதை மட்டும் நீங்க செய்யாதீங்க. கால் புடிக்கவும் வேண்டாம். புடிக்க மாட்டீங்க, தெரியும், இருந்தாலும் சொல்றேன். என்ன பேசினாரு, கனவுல யாரு பேரைச் சொன்னாருன்னு நான் வந்து கேட்டாலும் நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க பாட்டுக்குத் தைங்க.

ஐயோ, நாளைக்கு இல்லைங்க, இன்னிக்கே. கீழ வண்டியிலதான் உக்காந்திருக்காரு. நான் எறங்கி அந்த முனையைத் தாண்டிப் போயிடறேன், அப்புறம் ஏறி வருவாரு. நான் நின்னு பாத்தா அவருக்குக் கால் தடுமாறும்.